நாலு நியூட்ரான் கூடுதல்

சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டு சரக்குக் கொடுக்க வருகிறவர்களை நான் இன்றுவரை நம்பியதில்லை. இரும்புக் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, "ஐயா, இன்னும் அரை மணி நேரம். உங்க யூரின் ரிப்போர்ட் வரணும், வந்ததும் மருந்து குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. ஜெனிட்டா என்று கோட்டில் பெயர் குத்தியிருக்கிறது. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கதிர்வீச்சை அளந்து கொடுக்கிற படிப்புப் படித்தவளாம், இருபத்தாறு வயசு இருந்தால் அதிகம். கதவு மூடுகிற சத்தத்தைப் பார், சாதாரணக் கதவா அது, உள்ளே ஈயத்தகடு வைத்திருக்கிறார்கள். மேலே மஞ்சள் பலகையில் மூன்று இறக்கை விசிறி. கதவுக்குப் பின்னால் ஈயச் சுவர், சுவருக்குப் பின்னால் ஈயக் குடுவை, குடுவைக்குள் கண்ணாடிக் குப்பி. இத்தனை பூட்டுப் போட்டு வைத்திருக்கிறதை உறிஞ்சுகுழல் வைத்து என்னைக் குடிக்கச் சொல்கிறார்கள். அவள் மட்டும் எட்டி நின்று பார்ப்பாளாம். விற்கிறவன் தன் சரக்கைத் தொடப் பயந்தால் வாங்குகிறவன் என்ன நினைப்பான்? குளிர்கிறது. மதுரையில் மே மாதத்தில் எனக்குக் குளிர்கிறது. பக்கத்தில் என் வீட்டுக்காரி ராஜகனி முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறாள், நான் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் கழுத்தை அறுத்துத் தைராய்டுச் சுரப்பியை எடுத்தார்கள், அதில் புற்று. எடுத்ததுபோக ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், அதைக் கொல்லத்தான் இந்த மருந்து. அது வேலை செய்ய, சுரப்பிக்குப் பதிலாகத் தின்ற மாத்திரையை நாலு வாரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாலு வாரமாக நான் நான் இல்லை. முகம் ஊதிவிட்டது, குரல் தகரத்தை இழுக்கிற மாதிரி வருகிறது, ஒரு நினைப்பைப் பிடித்தால் அது சேற்றில் இறங்கிய லாரி மாதிரி அங்கேயே சுற்றுகிறது. கோபம் மட்டும் பழையபடி வருகிறது. அதை எந்தச் சுரப்பி கொடுக்கிறதோ, அதை எவனும் அறுக்கவில்லை.

முதல்நாளே கேட்டேன், எவ்வளவு கொடுப்பீங்க என்று. "நூறு மில்லிக்யூரி, ஐயா." "எண்பதுல முடிங்களேன்." பேனா பிடித்த அவள் கை அப்படியே நின்றது. "ஐயா, இது விலை இல்ல. டோஸ்." "தெரியுதும்மா. தனி அறையில மூணு நாள்னு சொன்னீங்களே, அதையாவது ரெண்டாக்குங்க." ராஜகனி என் முழங்கையில் கிள்ளினாள். "கத்திரிக்காயாங்க வாங்க வந்திருக்கிய?" கத்திரிக்காயாக இருந்தால் நகத்தால் கீறிப் பார்க்கலாமே. முதலில் சொல்கிற எண் எவனுக்கும் உண்மையான எண் கிடையாது, இது நான் அளத்தில் உப்புச் சுமக்கும்போதே கற்றது. அப்புறம் அவள் சொன்னாள், மருந்து என் பெயர் எழுதி மும்பையிலிருந்து விமானத்தில் வருகிறது, எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்று. பாதியாகுமா! குடிக்காவிட்டாலும்? "குடிக்காட்டாலும் ஐயா. குடுவைக்குள்ளேயே." அன்றைக்கே எனக்குள் ஒரு மணி அடித்தது. கெட்டுப்போகிற சரக்கை வைத்திருக்கிறவன்தான் அவசரப்படுத்துவான். மீன்காரன், தக்காளிக்காரன். நான் உப்புக்காரன். என் சரக்கு கெடாது, நான் காத்திருப்பேன், எதிராளிக்கு வியர்க்கும். இப்போது காத்திருக்கிறதும் நான், வியர்க்க முடியாமல் குளிர்கிறதும் எனக்கு. அந்தக் கதவுக்குள்ளே என் பெயர் எழுதிய குப்பி இந்த நிமிஷம்கூடக் குறைந்துகொண்டிருக்கிறது. யார் பார்த்தார்கள்? நூறு இருக்கிறதா எழுபது இருக்கிறதா என்று நான் எதை வைத்து நிறுக்க?

"அயோடின்தானேம்மா? முப்பது வருஷமா உப்பு விக்கேன், அயோடின் எனக்குத் தெரியாதா? பாக்கெட்டுல போடுறதுதானே இது?" என்று விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் அவள் படம் போட்டாள். "அதேதான் ஐயா. ஆனா அது இல்ல." இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் தரகர்கள் ஞாபகம்தான் வரும். ஒரு தாளைத் திருப்பி நடுவில் புள்ளி வைத்தாள், சுற்றி வட்டம் வட்டமாகப் போட்டாள். "இது ஒரு அணு. நடுவுல கரு. அதுக்குள்ள ரெண்டு சாமான், புரோட்டான், நியூட்ரான். வெளியில சுத்தி எலக்ட்ரான். புரோட்டான் ஐம்பத்தி மூணு இருந்தா அது அயோடின். ஐம்பத்தி ரெண்டுன்னா அயோடின் இல்ல, வேற பொருள். ஐம்பத்தி நாலுன்னாலும் வேற, செனான்னு ஒரு வாயு. பேரை முடிவு பண்றது அந்த ஒரு எண்தான்." "நியூட்ரான்?" "அது பேரை மாத்தாது. எடையை மாத்தும். உங்க உப்புல இருக்கிற அயோடின்ல நியூட்ரான் எழுபத்தி நாலு. நாங்க குடுக்கிறதுல எழுபத்தி எட்டு." நாலு கூடுதல். எடையில் கூட்டிக் கொடுக்கிறவன் எங்கேயோ குறைக்கிறான் என்று உடனே தோன்றியது, கேட்டேன். சிரித்தாள். "குறையலை ஐயா. அந்த நாலை வச்சுக்கிட்டு அதால நிம்மதியா இருக்க முடியல. திடீர்னு ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறிடும். மாறும்போது ஒரு எலக்ட்ரானைத் தோட்டா மாதிரி வெளிய எறியும். பக்கத்துல இருக்கிற செல் செத்துரும்." "மாறினதுக்கு அப்புறம் அது?" "ஐம்பத்தி நாலு ஆயிடுச்சே. செனான். வாயு, போயிடும்." கொலையைச் செய்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு காற்றோடு போய்விடுகிறான். எந்த ஊர் நியாயம்? "சரி, சுரப்பிக்குத் தெரியாதா, இது நல்ல அயோடின் இல்லைன்னு?" அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள், மூன்று வாரமாக என் தலையில் முள்ளாய்க் குத்துகிறது: "தெரியாது ஐயா. அதுக்கு வெளிப்பக்கம்தான் தெரியும். வெளியில ரெண்டுக்கும் ஒரே மாதிரி எலக்ட்ரான். உள்ள எத்தனைன்னு எண்ண அதுக்குத் தெரியாது. உப்புன்னு நினைச்சு வாங்கி வச்சுக்கும்."

ஒரே கவர். உள்ளே வேறு. நான் அவளைப் பார்க்காமல் ராஜகனியின் பையைப் பார்த்தேன், பைக்குள் என் உப்பு பாக்கெட் ஒன்று இருந்தது, அதில் அச்சடித்த சூரியன், அயோடின் உப்புக்கு எல்லாக் கம்பெனியும் போடுகிற அதே சிரிக்கிற சூரியன், பையின் வாயிலிருந்து பாதி முகத்தை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தது. இந்த ஜெனிட்டாவுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் சொல்கிறாளா? அணு என்று ஒன்றை இவள் பார்த்ததே இல்லையாம், யாருமே கண்ணால் பார்த்ததில்லையாம், அதற்குள் பெரும்பகுதி வெற்றிடமாம், எடையெல்லாம் நடுவில் இருக்கிற புள்ளியில்தானாம். அப்படியானால் இத்தனை வருஷமாக நான் மூட்டை மூட்டையாக நிறுத்துக் கொடுத்தது என்ன? வெற்றிடமா? உப்பே இரண்டு விஷமாம். சோடியம் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்குமாம், குளோரின் மூக்கில் ஏறினால் ஆளைக் கொல்லுமாம். ஒன்று ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க, இன்னொன்று வாங்கிக்கொள்ள, இரண்டும் அடங்கிக் குழம்பில் கிடக்கின்றன. கொடுத்தவனும் சண்டை போடவில்லை, வாங்கியவனும் ஏமாற்றவில்லை. இப்படி ஒரு பேரம் முடிந்ததை என் ஐம்பத்தெட்டு வயசில் நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. அதனாலேயே நம்ப முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் ஏன் என் கழுத்தையே பார்க்கிறான்? தழும்பைப் பார்க்கிறான். பார்த்துக்கொள்.

நான் ஏமாந்துதான் கற்றேன். அளத்தில் கூலிக்கு நின்ற பதினேழு வயசில், காலில் உப்பு அரித்து ரத்தம் வடிய மூட்டை சுமந்தவனுக்கு, பத்து மூட்டைக்கு ஒன்றைக் குறைத்து எண்ணினான் ஒரு கணக்கப்பிள்ளை. அவன் சட்டையைப் பிடித்தேன், வேலை போனது. முதல் லோடு சொந்தமாக வாங்கியபோது மழையில் நனைத்த உப்பைத் தலையில் கட்டினான் ஒருத்தன், எடையில் பாதி தண்ணீர். அதற்குப் பிறகு உப்பைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடிப்பேன், உள்ளங்கை நனைந்தால் விலையைப் பற்றிப் பேசவே மாட்டேன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன், அவனாகக் கூப்பிடுவான். அப்படிச் சேர்த்துத்தான் தூத்துக்குடிக்கு வெளியே அந்தச் சின்ன பாக்கெட் ஆலை. உப்பை அரைத்துக் கழுவிக் காயவைத்து பெல்ட்டில் அனுப்பினால், பெல்ட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் அயோடின் மருந்து கரைத்த தண்ணீர், குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக உப்பில் விழும். பத்து லட்சத்தில் முப்பது பங்கு. பத்து லட்சத்தில் முப்பது! அதை யார் கண்டார்? ஆனாலும் போட்டேன், ஒழுங்காகத்தான் போட்டேன், அந்த மருந்து விற்கிறவன் இருபத்தைந்து கிலோ டிரம்மில் ஒன்றரைக் கிலோ குறைத்து அனுப்புகிறவரைக்கும். கேட்டால், "ஈரம் காஞ்சிருக்கும் அண்ணாச்சி" என்றான். என்னிடம்! ஈரத்தைப் பற்றி என்னிடம்! கடைக்குள் போய் அவன் தராசைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். இனி இந்த எழவே வேண்டாம் என்று நேராக ஆலைக்கு வந்து, மேஸ்திரி பலவேசத்திடம், "தொட்டிக் குழாயை மூடுல. ஆய்வுக்கு ஆளு வர்ற அன்னைக்கு மட்டும் அந்த டிரம்முல இருந்து போடு" என்றேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலையைச் சொறிந்தான். கோபம் ஆறினதும் திறக்கலாம் என்று இருந்தேன். கோபம் ஆறிவிட்டது, குழாய் நினைவுக்கு வரவில்லை. இல்லை, வந்தது. வந்தபோது, யாருக்கு என்ன குறைந்துபோயிற்று என்றும் கூடவே வந்தது. அதிகாரிகள் சொல்லாமல் இரண்டு தடவை வந்தார்கள், உப்பில் சோதனை மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தார்கள், அயோடின் இருந்தால் ஊதாவாகும், இரண்டு தடவையும் ஊதாவானது. பலவேசம் என்ன வேகமாக ஓடிக் குழாயைத் திறந்திருக்கிறான் என்று மெச்சி அவனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன்.

உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவன்தான், ஏனென்றால் என் களவு அவன் கையில் இருந்தது. இந்தக் களவே எனக்குக் கை கொடுத்தது என்று இரண்டு வாரமாக உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுகூட இருந்தேன். ஜெனிட்டா ஒரு பட்டியல் கொடுத்தாள்: மருந்து குடிக்கிறதுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து மீன் கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது, அயோடின் உப்பு அறவே கூடாது. "உடம்புல சாதாரண அயோடின் நிறைஞ்சிருந்தா அந்த மிச்சச் செல்லுக்குப் பசிக்காது ஐயா. நம்ம மருந்தை வாங்காது. எல்லாம் சிறுநீர்ல போயிடும், கட்டி அப்படியே இருக்கும். பட்டினி போட்டாத்தான் வாங்கும்." இது எனக்கு நன்றாகப் புரிந்தது. கிடங்கு நிறைந்தவன் சரக்கைத் திரும்பிப் பார்ப்பானா? கடைசியாக, "மெடிக்கல்ல அயோடின் இல்லாத உப்பு கிடைக்கும், வாங்கிக்கோங்க" என்றாள். போய் விலையைக் கேட்டேன். என் பாக்கெட்டைப்போல் ஏழு மடங்கு. ஒன்றைப் போடாததற்கு ஏழு மடங்கா? நானே உப்புக்காரன், நான் போய் உப்பு வாங்கவா? அதுவும் அயோடின் இல்லாத சரக்கு என் ஆலையிலேயே மலைமலையாகக் கிடக்கும்போது? ராஜகனியிடம் சொன்னேன், "நம்ம பாக்கெட்டையே போட்டுச் சமை." "அதுல அயோடின் உப்புன்னு எழுதியிருக்கே." "எழுதியிருக்கும். நீ போடு." அவள் ஒரு பார்வை பார்த்தாள். கேட்கவில்லை. கேட்காதவர்களைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். மதுரைக்கு வந்த பிறகும் விடுதி அறையில் அந்த உப்பில்தான் கஞ்சி. மீன் இல்லாத இரண்டு வாரம், தூத்துக்குடிக்காரனுக்கு அதைவிட வேறு நோய் வேண்டாம்.

கதவு. மறுபடியும் தலை. சிரிப்பு இல்லை. "ஐயா, லேப்ல மெஷின் பழுதாம், உடம்புல அயோடின் எவ்வளவு இருக்குன்னு பாக்கிற உங்க ரிப்போர்ட் இன்னைக்கு வராது. ஒண்ணு செய்யலாம். இந்த ரெண்டு வாரம் அயோடின் உப்பு, மீன் எதுவும் சாப்பிடலைன்னு எழுதியிருக்கு, இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா டாக்டர் இன்னைக்கே குடுத்துடலாம்னு சொல்றாங்க. மருந்தும் குறைஞ்சுக்கிட்டே இருக்கு." தாளை என் மடியில் வைத்தாள், பேனாவை வைத்தாள், போய்விட்டாள். நல்லதாய்ப் போயிற்று. போட்டால் முடிந்தது. அயோடின் உப்பு சாப்பிடவில்லை: உண்மை. பாக்கெட்டில் எழுதியதுதான் பொய், நான் தின்றது உண்மை. பேனாவைத் திறந்தேன். கை ஓடவில்லை. பயமில்லை, பழக்கம். முப்பது வருஷத்தில் சரக்கைக் கையில் அள்ளிப் பார்க்காமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட்டது கிடையாது. மெஷின் பழுது என்கிறாளே, உண்மையா? மருந்து கெடுகிறது என்று தள்ளிவிடப் பார்க்கிறாளா? இல்லை, இவளை விடு. என் உப்பை நான் என்றைக்குப் பார்த்தேன்? என்றைக்காவது ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேனா? மற்றவன் உப்பையெல்லாம் கசக்கிப் பார்த்தேன், என் உப்பை? இரண்டு தடவை சொல்லாமல் வந்தார்கள். வாசலில் ஜீப் நின்று, அவர்கள் இறங்கி, பெல்ட் வரைக்கும் நடந்து வர மூன்று நிமிஷம். மூன்று நிமிஷத்தில் குழாயைத் திறந்தால் பெல்ட்டில் விழுகிற உப்பு ஊதாவாகும். அவர்கள் எடுத்தது எங்கே? அடுக்கி வைத்த பாக்கெட்டிலிருந்து. முந்தினநாள் பாக்கெட்டிலிருந்து. அது எப்படி ஊதாவாகும்? ஏன் இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை?

போனை எடுத்தேன். "ஏல பலவேசம், தொட்டிக் குழாய் மூடித்தானே கிடக்கு?" மெஷின் இரைச்சல். "கேக்கா?" "கேக்கு அண்ணாச்சி. மருந்து குடிச்சாச்சா? அக்கா சாப்பிட்டாவளா?" "கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஒரு பாக்கெட்டைக் கிழிச்சுச் சொட்டு விட்டுப் பாரு." இரைச்சல் தள்ளிப் போனது, வெளியே வந்துவிட்டான் போல. "விட வேண்டாம் அண்ணாச்சி. ஊதாதான் வரும்." என் கழுத்துத் தழும்பு நெடுகச் சுரீர் என்றது. "எப்பம்ல திறந்த?" "திறக்கலை அண்ணாச்சி." "பின்ன?" "நீங்க மூடச் சொன்னிய. நான் மூடலை." "ரெண்டு வருஷமாவா?" "ரெண்டு வருஷம் நாலு மாசம். டன்னுக்கு அம்பது கிராம்தான் அண்ணாச்சி ஆகும். அந்த எடை குறைஞ்ச டிரம்முதான், இன்னும் அடியில ரெண்டு கை கிடக்கு. நீங்க ஒருநாளும் மூடியத் திறந்து பாக்கலை." "எவம்ல உன்னைப் போடச் சொன்னது?" நான் போட்ட சத்தத்தில் எதிரே இருந்த ஆள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனான். பலவேசம், என்னவோ நான்தான் தெரியாமல் கேட்கிறேன் என்கிற மாதிரி, மெதுவாக: "பாக்கெட்டுல போட்டிருக்குல்லா, அண்ணாச்சி."

அணைத்துவிட்டேன். களவாணிப் பயல். என் சொல்லை மீறி, என் முகத்துக்கு நேரே தலையைச் சொறிந்துவிட்டு, என் டிரம்மை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறான், நான் வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஊருக்குப் போனதும் முதல் வேலை அவனைக் கழுத்தைப் பிடித்து, கழுத்து, என் கழுத்து, அதற்குள்ளே அந்த மிச்சம், வயிறு முட்டத் தின்றுவிட்டுக் காலை நீட்டிக் கிடக்கிறது. இரண்டு வாரமாக நானே ஊட்டியிருக்கிறேன். எழுபத்தி நாலு, எழுபத்தி நாலு, ஒன்றும் செய்யாத எழுபத்தி நாலு, வேளைக்கு வேளை. நான் வெறும் கவர் என்று நினைத்தது நிறைந்த சரக்காக இருந்திருக்கிறது. உலகம் முழுவதும் எனக்கு வெறும் கவரைத் தருகிறது என்று கசக்கிப் பார்த்தவன், என் பெயர் போட்ட பாக்கெட்டில் உள்ளே என்ன என்று தெரியாத ஒரே ஆள் நான்தான். தாள் மடியில் இருக்கிறது. போட்டுவிடலாம். யாருக்குத் தெரியும்? லேப் மெஷின் பழுது. மருந்து குறைகிறது. போட்டால் இன்றைக்குக் குடிக்கலாம், மூன்று நாளில் வெளியே, நாளைக்கழித்து மாத்திரை, குளிர் போகும், மீன் வரும். போடாவிட்டால் மறுபடி இந்த மந்தம், இந்தக் குரல், இந்தச் சேறு. போடு. போட்டால் என்ன ஆகும்? மருந்து உள்ளே போகும், சுற்றிப் பார்க்கும், வாங்க ஆளில்லாமல் சிறுநீரில் இறங்கும். கட்டி இருக்கும். ஜெனிட்டா ஏமாறுவாள், டாக்டர் ஏமாறுவார், தாள் ஏமாறும், கட்டி ஏமாறாது. இந்தப் பேரத்தில் நான் யாரை வெல்கிறேன்? எதிரே உட்கார்ந்து வியர்க்கிறவன் யார்? "என்னங்க," ராஜகனி தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள், முழுப் பேச்சையும் கேட்டிருக்கிறாள். "அப்ப ரெண்டு வருஷமா நம்ம உப்பு நல்ல உப்புதானா?" இரண்டு வருஷமாக இவளுக்கும் தெரிந்திருக்கிறது, நான் மூடச் சொன்னது. தெரிந்தும் என் உப்பைப் போட்டுச் சமைத்திருக்கிறாள். அதையும் அப்புறம் கேட்கவேண்டும்.

எழுந்தேன். ஈயக் கதவைத் தட்டினால் சத்தமே வராது போல, உள்ளங்கையால் அறைந்தேன். ஜெனிட்டா திறந்தாள். "போட்டாச்சா ஐயா?" "இல்லம்மா. என் உப்புல அயோடின் இருக்கு." எத்தனை கடைக்காரர்களிடம், எத்தனை ஊரில், சூரியனைக் காட்டிக் காட்டி இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். கடைசி இரண்டு வருஷம், பொய் என்று நினைத்துக்கொண்டே சத்தமாக. இப்போது குரல் எழும்பவில்லை. "பாக்கெட் உப்பா சாப்பிட்டீங்க? ஐயா, அதுலயே எழுதியிருக்குமே, படிச்சுப் பாக்கலையா?" "பாக்கலை." அவள் தாளை வாங்கிக்கொண்டாள், திட்டவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "டாக்டர்கிட்ட சொல்றேன். இந்த மருந்து போச்சு. இன்னும் மூணு வாரம் ஆகும், மாத்திரை கிடையாது, உப்பு கவனம்." "ரெண்டு..." என்று வாய் தானாகத் தொடங்கியது. அவள் பார்த்தாள். "சரிம்மா. மூணு." அவள் கதவை மூடினாள். அந்தப் பக்கம் என் பெயர் எழுதிய குப்பி யாருக்கும் இல்லாமல் பாதியாகிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாய்ப் பெயர் மாறி, காற்றாய். போன் அடித்தது. பலவேசம். பேசுவதற்கு முன் மூக்கை உறிஞ்சினான். "அண்ணாச்சி, அக்கா இப்பதான் மெசேஜ் போட்டாவ, விஷயத்தைச் சொன்னாவ. எனக்குத் தெரியாதே அண்ணாச்சி, நீங்க இதைத்தான் திங்கியன்னு. இப்ப மூடிரவா குழாயை?" பெஞ்சில் ராஜகனி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். "தொட்டேன்னா கையை ஒடிப்பேன். புது டிரம்முக்குச் சொல்லு, வந்ததும் நிறுத்துப் பாரு. பெல்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, சொட்டு விழாத இடத்துல ரெண்டு கிலோ அள்ளித் தனியா வை, எனக்கு. அதுல ஊதா வருதான்னு சொட்டு விட்டுப் பாரு. நீ பாத்தாப் போதாது, நான் வந்து பாக்கேன்."